புயலின் ஆட்டம்

தொலைவில் எங்கோ மின்னும். இடி மட்டும் கேட்காது. இதற்கு ஜெர்மானியர் வைத்த பெயர் 'வெட்டர்லொய்ஷ்டன்'. 'வெட்டர்' வானிலை, 'லொய்ஷ்டன்' ஒளிர்தல் என்று பிரித்துப் பொருள் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லின் பிறப்பு வேறு. இடைக்கால ஜெர்மனில் அது 'வெட்டர்லைஷ்'. 'லைஷ்' என்றால் துள்ளல், ஆட்டம். வால்டர் ஃபோன் டெர் ஃபோகல்வைடே போன்ற அக்காலக் கவிஞர்கள் பாடிய ஒருவகை நீண்ட பாடலுக்கும் அதே பெயர்தான். 'வெட்டர்' புயலையும் குறிக்கும். ஆக, அம்மக்கள் கண்டது புயலின் ஆட்டம்!

ஆட்டம் என்ற பொருள் வழக்கொழிந்ததும், செவிக்கு நெருக்கமான 'லொய்ஷ்டன்' அந்த இடத்தில் வந்து அமர்ந்தது. இதைச் சொற்சிதைவு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பொருள் மங்கிய சொல்லுக்குப் பேசுகிறவர்களே புதுப்பொருள் கொடுத்து வாழவைத்தார்கள், அதுவும் படைப்புதான். இயற்பியலும் புதிய பெயருக்கே ஒத்துவருகிறது. இடியோசை பெரும்பாலும் 20 கி.மீ.க்குள் அடங்கிவிடும், மேலே குளிர்ந்திருக்கும் காற்று அதை வானத்துப் பக்கம் வளைத்துவிடுகிறது. ஒளியோ இரவில் 100 கி.மீ.க்கு அப்பாலும் தெரியும். இருந்தாலும் என் மனம் பழைய பெயரின் பக்கம்தான். மேகத்துக்குள் ஒளி இடம் மாறி மாறித் துள்ளுவதைக் கவனித்துச் சொன்ன பெயர் அது.