கேள்வித்தாள் காட்டும் புள்ளி தீர்ப்பாகாது



"கிளினிக்குல ஒரு தாளைக் கொடுத்துக் கேள்வி கேட்டாங்க தம்பி. கூட்டிப் பார்த்துட்டு 14ன்னு சொன்னாங்க. அப்படின்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கா?"

செம்பனைத் தோட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக உரம் போட்டும் உதிரிப் பழம் பொறுக்கியும் பிள்ளைகளை ஆளாக்கிய ஓர் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. வீட்டில் கூடச் சொல்லாமல் நான்கு நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாராம்.

பைத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. அது என்ன தாள், அதை எவ்வளவு நம்பலாம் என்பதை நம் மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால்தான் இந்த மாதம் இதையே எழுதுகிறேன்.

அந்தத் தாளுக்கு 'பி.எச்.கியூ-9' என்று பெயர். அமெரிக்க மருத்துவர்கள் உருவாக்கி, 2001-இல் அதன் ஆய்வை வெளியிட்டார்கள். ஃபைசர் மருந்துக் கம்பெனியின் பண உதவியில் உருவானது. இன்று யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். எதிலும் நாட்டமில்லையா? மனசு வாட்டமா? தூக்கம் கெட்டதா? அசதியா? பசியில் மாற்றமா? தன்னைத்தானே நொந்துகொள்கிறீர்களா? கவனம் நிற்கவில்லையா? நடை, பேச்சு மந்தமா, அல்லது இருப்புக் கொள்ளாத தவிப்பா? செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா? ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் 0, 'ஏறக்குறைய தினமும்' என்றால் 3. மொத்தம் 27 புள்ளி. 10-ம் அதற்கு மேலும் வந்தால் 'மேற்கொண்டு பார்க்க வேண்டியவர்' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

'மேற்கொண்டு பார்க்க வேண்டியவர்' என்றால் 'நோயாளி' என்று அர்த்தமில்லை. இங்கேதான் குழப்பமே தொடங்குகிறது.

பால் மரம் வெட்டியவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும். ஸ்டோரில் பாலை ஊற்றியதும் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு அளவு பார்ப்பார்கள். அது ஒரு அவசர மதிப்பு. பாலில் தண்ணீர் கலந்திருந்தால் கணக்கு மாறும். உண்மையில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், கொஞ்சம் பாலை எடுத்து உறைய வைத்து, காய வைத்து, நிறுத்துப் பார்க்க வேண்டும். கேள்வித்தாள் அந்த மெட்ரோலாக் போன்றது. மருத்துவர் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசி, உடம்பையும் சோதித்துச் சொல்வதுதான் காய வைத்து நிறுத்த கணக்கு.

மெட்ரோலாக் எவ்வளவு சரி? 2019-இல் பல நாடுகளின் 58 ஆய்வுகளைச் சேர்த்து, 17,000-க்கும் மேற்பட்டவர்களின் கணக்கை அலசினார்கள். 10 புள்ளியை எல்லையாக வைத்தால், மருத்துவ நேர்காணலில் மனச்சோர்வு நோய் உறுதியானவர்களில் 100-க்கு 88 பேரைத் தாள் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 100-க்கு 85 பேரை 'இல்லை' என்று சரியாக விட்டது. நம் நாட்டில் மலாய் மொழித் தாளை வைத்து, கிளினிக்குக்கு வந்த பெண்களிடம் செய்து 2012-இல் வெளிவந்த ஆய்விலும் இதற்குக் கிட்டத்தட்ட அதே அளவுதான்: 87, 82.

"அடேயப்பா, 88 நல்ல புள்ளிதானே!" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு. சுலபத்துக்காக 100-க்கு 5 என்று வைப்போம். 1,000 பேரைச் சோதித்தால் நோய் உள்ளவர் 50 பேர். தாள் அவர்களில் 44 பேரைப் பிடிக்கும், 6 பேரைத் தவறவிடும். நோய் இல்லாத 950 பேரில் 100-க்கு 15 பேர் வீணாக மாட்டுவார்கள். அது 142 பேருக்கு மேல். ஆக, '10-க்கு மேல்' என்று பெயர் எழுதப்படும் ஏறக்குறைய 186 பேரில் உண்மையில் நோய் உள்ளவர் 44 பேர்தான். நாலில் ஒருவர் கூட இல்லை!

இதற்காகத் தாளைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அந்த 44 பேரில் பலர் தாள் இல்லாவிட்டால் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள். சல்லடை தேவைதான். ஆனால் சலித்ததை அப்படியே உலையில் போடக் கூடாது, கல் பொறுக்கிவிட்டுத்தான் போட வேண்டும்.

நம் தோட்டத்து மக்களுக்கு இன்னும் சில சங்கடங்கள் உண்டு. விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, பிரட்டுக்குப் போய், வெயிலில் வேலை செய்து திரும்புகிறவரிடம் "அசதியா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? இரத்தச் சோகை, இனிப்பு நீர், தைராய்டுக் கோளாறு எல்லாமே அசதி, தூக்கக்கேடு, பசி மாற்றம் தரும். ஒன்பதில் மூன்று கேள்வி இவற்றைப் பற்றித்தான். உடம்பு நோவு மனநோவாகக் கணக்கில் ஏறிவிடலாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. நம்மவர் "மனச்சோர்வு" என்றா சொல்கிறோம்? "நெஞ்சை அடைக்குது", "ஒடம்பெல்லாம் குத்துது", "ஒண்ணும் ஓடல" என்கிறோம். மலாயில் உள்ள கேள்வியைத் தாதி அவசரத்தில் தமிழில் சொல்ல, நாம் தலையாட்ட, புள்ளி விழுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்குப் பேரன்தான் கேள்வியை மொழிபெயர்த்தான். "சாகணும்னு தோணுதா தாத்தா?" என்று பேரன் கேட்டால் எந்தத் தாத்தா 'ஆமாம்' என்பார்? அவருக்கு வந்த புள்ளி 4. 'நலம்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவர் டீக்கடைக்கு வருவதை நிறுத்தியதையும், கோயில் திருவிழாவுக்குக் கூட வெளியே வராததையும் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர்தான் மறுபடி மருத்துவரிடம் கூட்டிப் போனார். தாள் கோட்டைவிட்டதை அண்டை வீடு பிடித்தது.

நிபுணர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க நிபுணர் குழு 2016-இல் பெரியவர்கள் எல்லாரையும் சோதிக்கலாம் என்றது. ஆனால் நோயை உறுதி செய்யவும், சிகிச்சை தரவும், தொடர்ந்து கவனிக்கவும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. கனடா நிபுணர் குழுவோ, 2013-இல் அறிகுறி எதுவும் இல்லாதவர்களை வரிசையில் நிறுத்திச் சோதிக்க வேண்டாம் என்றது. என் கருத்து இதுதான்: பின்னால் மருத்துவர் இல்லாமல் முன்னால் தாளை மட்டும் நீட்டுவது, ஆளை ஆற்றின் நடுவில் இறக்கிவிட்டுத் தோணி திரும்பிப் போவது போல.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை:

ஒன்று, கேள்விகள் நமக்குப் புரியும் மொழியில், பயிற்சி பெற்றவரால், தனி அறையில் கேட்கப்பட வேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்கக் கூடாது.

இரண்டு, 10-க்கு மேல் வந்தவரை மருத்துவர் நேரில் பார்த்துப் பேச வேண்டும். இரத்தம், இனிப்பு நீர், தைராய்டு சோதனையும் செய்ய வேண்டும். புள்ளியை மட்டும் பார்த்து மாத்திரை வேண்டாம்.

மூன்று, தோட்டத்திலேயே இந்தச் சோதனை நடந்தால், தாள் ஆபீசுக்கோ மண்டோர் கைக்கோ போகக் கூடாது. வேலைக்கு ஆள் எடுக்கவும் நிறுத்தவும் செய்த கருவி அல்ல அது.

நம் பங்கும் உண்டு. "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்று பொய்ப் பதில் சொல்லாதீர்கள். குறிப்பாக, ஒன்பதாவது கேள்வி. மொத்தப் புள்ளி குறைவாக இருந்தாலும், செத்துப்போகலாம் என்ற எண்ணம் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். போலீஸ் கேசாகிவிடும் என்ற பயம் இனி வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. பேச ஆள் இல்லையென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கோ, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 எண்ணுக்கோ போன் போடுங்கள்.

அந்த 14 புள்ளி அக்கா என்ன ஆனார்? மறுபடி கிளினிக்குக்குப் போய் மருத்துவரைப் பார்த்தார். இரத்தம் மிகவும் குறைந்திருந்தது. அதோடு, போன வருஷம் இறந்துபோன அண்ணனை நினைத்து அழாத ராத்திரி இல்லை என்பதையும் முதல் தடவையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னார். "அந்தத் தாளு கேக்காததை அந்த டாக்டரம்மா கேட்டாங்க தம்பி" என்றார்.

தாள் கதவைத் தட்டட்டும். உள்ளே வந்து உட்கார்ந்து விசாரிக்க ஒரு மனுஷர் வேண்டும்.