தோற்றவரின் ஏடுகள்

வென்றவரின் ஏடுகளைப் போற்றுவோர் பலர். தோற்றவரின் ஏடுகளைக் காப்போர் சிலரே. இரண்டும் காக்கப்பட வேண்டும் என்பதே எம் கருத்து.

1968ஆம் ஆண்டு இலண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழ், தனியொருவராய், எங்கும் நில்லாது உலகைச் சுற்றிவரும் பாய்மரப் படகுப் போட்டியை அறிவித்தது. புறப்பட்டோர் ஒன்பதின்மர், முடித்தவர் இராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 'சுஹைலி' என்னும் படகில் 1969 ஏப்ரல் 22இல் அவர் கரை சேர்ந்தார்.

போட்டியாளருள் ஒருவரான டொனால்ட் குரோஹர்ஸ்ட், அட்லாண்டிக் பெருங்கடலை விட்டு அகலாமலே, உலகை வலம் வருவதாக வானொலி வழியே பொய்ச்செய்தி அனுப்பினார். 1969 சூலை 10இல் அவருடைய படகு ஆளின்றிக் காணப்பட்டது. அதிலிருந்த குறிப்பேடுகளே அவர் உண்மையில் இருந்த இடங்களையும், அவருடைய மனக்கலக்கத்தையும் உலகிற்கு உணர்த்தின. ஊரை ஏமாற்றிய கை, தன் ஏட்டில் மெய்யை எழுதி வைத்திருந்தது! வென்றவரோ, தாம் பெற்ற 5,000 பவுண்டுப் பரிசை அவர்தம் குடும்பத்திற்கே ஈந்தார்.

அவ்வேடுகள் அழிந்திருப்பின் பொய்யே வரலாறாய் நின்றிருக்கும். ஒரு மனிதர் பட்ட வேதனையும் மறைந்தே போயிருக்கும். ஆகவே, மறைந்தோரின் நாட்குறிப்புகளில் மானக்குறைவெனத் தோன்றும் பக்கங்களைக் கிழித்தெறியாதீர். குறையை மறைப்பது அன்பு அன்று. உண்மையறிந்து இரங்குவதே அன்பு.