ஒரு கொக்கி, ஒரு நூல்கண்டு... நீங்க ரெடியா?

“மெக்கானிக்கல் படிக்கிற பையன் கையில என்னடா ஊசியும் நூலும்?”

எங்க ஹாஸ்டல்ல இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளே இல்லை. கேட்டவங்கள்ல மூணு பேர் இப்போ என்கிட்ட ஊசியைக் கடன் கேட்டு நிக்கிறாங்க. ஸோ, சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க பாஸ். இந்த வாரம் நாம கை வைக்கப் போறது குரோஷே!

ஃப்ரெஞ்சுல ‘குரோஷே’ன்னா குட்டிக் கொக்கி. நம்ம ஊர்ல ‘குரோஷா’. பாட்டி வீட்டுல பழைய டி.வி. மேல ஒரு வெள்ளைப் பூ விரிப்பு கிடந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதேதான். டி.வி. ஒல்லியாகி சுவத்துல ஏறினதும் பாவம், அது உட்கார இடமில்லாம பீரோவுக்குள்ள போயிடுச்சு.

நான் இதுல மாட்டின கதையைச் சொல்லிடறேன். ரெண்டாம் வருஷக் கடைசி ரிசல்ட். ரெண்டு அரியர்! ஊருக்குப் போனவன், அப்பாகிட்ட “ரிசல்ட் இன்னும் வரலைப்பா”ன்னு புளுகிட்டேன். மூணு நாளா மொட்டை மாடியே கதி. சாப்பாடு இறங்கலை, தூக்கம் வரலை. எங்க ஆச்சி, திருநெல்வேலிக்காரங்க, ஒரு கேள்வியும் கேட்கலை. ஊசியையும் நூலையும் கையில திணிச்சு, “சும்மாதான இருக்க? இதைப் பின்னுல”ன்னாங்க. ஒரு மணி நேரம் போராடினதுக்கு ஒரு சிக்குதான் மிச்சம்.

“ஏல, நூலை ஏன் இப்படி இறுக்குத? அது என்ன மாட்டுக் கயிறா? உருவிடு.”

“உருவினா மொத்தமும் போயிருமே ஆச்சி?”

“நூலு எங்கல போவும்? கையிலதான இருக்கு. திரும்பப் பின்னு.”

சரி, இப்போ உங்க டர்ன்!

என்னென்ன வேணும்?

4 அல்லது 5 மில்லிமீட்டர் ஊசி ஒண்ணு. லேஸ் பின்ற மெல்லிசான ஸ்டீல் ஊசியைக் கடைக்காரர் நீட்டினா, ‘அப்புறம் வாங்கிக்கறேன்’னு சொல்லிடுங்க. ஆரம்பத்துலயே அதைத் தொட்டா கண்ணும் போச்சு, ஆசையும் போச்சு. நூல், கொஞ்சம் தடிமனான உல்லன் நூல், வெளிர் நிறத்துல. கறுப்புல கண்ணி எங்கே இருக்குன்னே தெரியாது. கூடவே கத்தரிக்கோல், ரெண்டு ஊக்கு. அவ்ளோதான்!

ஸ்டார்ட் மியூசிக்!

1. நூல் நுனியில ஒரு சுருக்குக் கண்ணி போட்டு ஊசியில மாட்டுங்க. இழுத்தா சுருங்கணும், விட்டா வழுக்கணும்.

2. நூலை ஊசி மேல ஒரு சுத்து சுத்தி, கொக்கியால அந்தக் கண்ணி வழியா வெளியே இழுங்க. இதான் சங்கிலிப் பின்னல். இப்படி 16 போடுங்க. ஊசி மேல இருக்கிற கண்ணியை எண்ணக் கூடாது.

3. ஊசியிலிருந்து ரெண்டாவது சங்கிலிக்குள்ள ஊசியை நுழைங்க. நூலைச் சுத்தி வெளியே இழுங்க. இப்போ ஊசியில ரெண்டு கண்ணி. மறுபடி நூலைச் சுத்தி, ரெண்டு வழியாவும் ஒரே இழுப்பு. முடிஞ்சது! இதுக்குப் பேர் சிங்கிள் குரோஷே. கடைசி வரை போனா 15 வரும்.

4. ஒரு சங்கிலி போட்டு, பின்னலைத் திருப்புங்க. மேல ஒவ்வொரு பின்னலும் குட்டி ‘வி’ மாதிரி தெரியும். அதோட ரெண்டு இழைக்கும் அடியில ஊசி போகணும். இந்த வரிசையிலயும் 15. சதுரம் வர்ற வரைக்கும் இதே கதைதான்.

முடிச்சதும் நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கடைசிக் கண்ணி வழியா இழுத்து இறுக்கி, மிச்சத்தைப் பின்னலுக்குள்ள கோர்த்து மறைச்சிடுங்க. டீ டம்ளர் வைக்க விரிப்பு ரெடி! இடதுகைக்காரங்க எல்லாத்தையும் கண்ணாடியில பார்க்கிற மாதிரி மாத்திச் செய்யணும்.

ஏன் சொதப்புது?

சதுரம் போட்டா முக்கோணம் வருதா? ஓரத்துல ஒரு பின்னலை விட்டுட்டீங்க. முதல் பின்னல்லயும் கடைசிப் பின்னல்லயும் ஊக்கு மாட்டி வைங்க, ஒவ்வொரு வரிசை முடிவுலயும் எண்ணுங்க. ஊசி உள்ளேயே நுழையலையா? ஆச்சி திட்டினதுதான், இறுக்குறீங்க. இன்னொரு குழப்பம்: அமெரிக்காக்காரங்க சிங்கிள்னு சொல்றதைத்தான் பிரிட்டிஷ்காரங்க டபுள்னு சொல்வாங்க. ஒரு டிசைனை எடுத்தா, அது எந்த ஊர் கணக்குன்னு முதல்ல பாருங்க. நான் பார்க்காம ஒரு தொப்பி போட்டேன். இப்போ அது எங்க ரூம்ல தேங்காய்க்கு உறை!

இன்ஜினியர்களே, இது உங்களுக்கு!

வட்டமா பின்னணும்னா முதல் சுத்துல 6, அடுத்து 12, அப்புறம் 18, 24. சுத்துக்கு 6 கூட்டினா தட்டையா வரும். கூட்டாம விட்டா கிண்ணம் மாதிரி குழியும். அளவுக்கு மேல கூட்டினா ஓரமெல்லாம் அலை அலையா சுருங்கும். அந்த அலையை வெச்சே கணிதத்துல ஹைபர்போலிக் தளத்தைக் கையில தொட்டுப் பார்க்கிற மாதிரி பின்னிக் காட்டினவங்க, கார்னெல் பல்கலைக்கழகத்துல இருந்த டைனா டைமினா. வருஷம் 1997. அரியர் வெச்சதுல ஒண்ணு மேத்ஸ்ங்கறதால, எனக்கு இவங்க மேல தனி மரியாதை!

இன்னொரு செய்தி. 2016 ஜனவரி 31 அன்னிக்கு, ‘மதர் இண்டியாஸ் குரோஷே க்வீன்ஸ்’ குழு சென்னையில விரிச்ச குரோஷே போர்வையோட பரப்பு 11,148.5 சதுர மீட்டர். கின்னஸ் சாதனை! ஆந்திராவோட நரசாபுரம் குரோஷே லேஸுக்கு 2024-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அதைப் பின்றவங்க பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண்கள். நிட்டிங்குக்கு மெஷின் வந்து எத்தனையோ காலமாச்சு. குரோஷே மட்டும் இன்னும் கை வேலைதான். அடுத்த தடவை கண்காட்சியில ஒரு குரோஷே பையைப் பார்த்து “இதுக்கா இவ்ளோ விலை?”ன்னு கேட்கும் முன்னாடி, ஒரு சதுரம் பின்னிட்டு வந்து கேளுங்க.

கடைசியா ஒண்ணு. ஸ்வெட்டர் பின்ற நிட்டிங்ல ஏகப்பட்ட கண்ணிகள் ஒரே நேரத்துல ஊசியில தொங்கும். ஒண்ணு நழுவினா டென்ஷன். குரோஷேல ஒவ்வொரு பின்னலும் முடிஞ்சதும் ஊசியில மிச்சமிருக்கிறது ஒரே ஒரு கண்ணிதான். தப்பு நடந்த இடம் வரைக்கும் தைரியமா உருவி, அந்தக் கண்ணியில ஊசியை மாட்டினா மறுபடி ஆரம்பிக்கலாம்.

அன்னிக்கு நான் பதினோரு தடவை உருவினேன். பன்னிரண்டாவது தடவை கோணல்மாணலா ஒரு சதுரம் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட போய் உண்மையைச் சொன்னேன். ரெண்டு நிமிஷம் அவர் பேசவே இல்லை. அப்புறம், “பரீட்சை ஃபீஸ் எப்போ கட்டணும்?”னு மட்டும் கேட்டார்.

ஒரு அரியர் போயிடுச்சு. மேத்ஸ் இன்னும் இருக்கு. சதுரம் என் மேஜையில, டம்ளருக்கு அடியில.

உங்க முதல் சதுரம் எத்தனை மூலையோட வந்துச்சுன்னு எழுதிப் போடுங்க. மூணுன்னாலும் பரவாயில்லை. உருவிட்டுத் திரும்பப் பின்னுங்க!