கிரைண்டர் மரம் அறுக்கிற மெஷின் இல்லை

சிம்போசியம் வந்தாலும் சரி, ஃபைனல் இயர் புராஜெக்ட் வந்தாலும் சரி, ஒரு காட்சியை நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. பிளைவுட் ஒண்ணு அறுக்கணும். கையில இருக்கிறது நாலு இன்ச் ஆங்கிள் கிரைண்டர். கார்டைக் கழட்டு, கல் சக்கரத்தை எடு, பல் வெச்ச மர பிளேடை மாட்டு, ஸ்விட்சைத் தள்ளு. "அஞ்சு நிமிஷ வேலைடா!" போளூர், ஆரணி பக்கத்து மரப் பட்டறைகளிலும் இதைப் பார்க்கலாம்.

இந்தப் பழக்கத்தை நாம விட்டாகணும். "ஜாக்கிரதையா அறுங்க" என்று சொல்ல நான் வரவில்லை. இந்த மெஷினில் ஜாக்கிரதை போதாது என்றுதான் சொல்ல வர்றேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு இன்ச் கிரைண்டரின் வேகம் சுமார் 11,000 ஆர்பிஎம். அப்படின்னா பிளேடின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுது. ஒரு ஆபத்தைப் பார்த்துக் கையை இழுக்க நமக்கு ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அதுக்குள்ள பிளேடு 36 சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். 30 பல் பிளேடு என்றால், நீங்க கையை எடுக்கிறதுக்குள்ள சுமார் 1,100 பல் கடந்து போயிருக்கும். இதில் ஜாக்கிரதைக்கு எங்கே நேரம்?

"சர்குலர் சா மட்டும் மெதுவாவா சுத்துது?" என்று கேட்கலாம். அதுவும் 5,000 ஆர்பிஎம் வரை சுற்றும். ஆனால் அது மரம் அறுக்கவே செஞ்ச மெஷின். பலகை மேல் பதிந்து உட்கார அடித்தட்டு இருக்கு. அறுத்து முடிச்சதும் ஸ்பிரிங் கார்டு தானா வந்து பல்லை மூடும். விரலை எடுத்தால் ஸ்விட்ச் ஆஃப் ஆகும். கிரைண்டரில் அடித்தட்டு கிடையாது; கார்டை நாமே கழட்டி வெச்சிட்டோம். தள்ளு ஸ்விட்ச் உள்ள கிரைண்டர் கையை விட்டு நழுவினாலும் சுத்திக்கிட்டேதான் இருக்கும். அறுக்கும்போது மரம் நெருங்கி பிளேடைக் கவ்வினால், மொத்த மெஷினும் நம்மைப் பார்த்து எகிறும். கிக்பேக் என்பது இதுதான்.

"எங்க ஊர் ஆசாரி இருபது வருஷமா இப்படித்தான் அறுக்கிறார்" என்பது அடுத்த பதில். அவர் கைப்பழக்கத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் பட்டறையில் தொடர்ந்து நிற்கிறவரைத்தான் நாம பார்க்கிறோம். விரல் போய் தொழிலை விட்டவர் அங்கே நிற்க மாட்டார். காசும் ஒரு காரணம்தான். கிரைண்டர் விலைக்கு நல்ல சர்குலர் சா கிடைக்காது. சட்டமும் சின்னப் பட்டறையை எட்டுவதில்லை. 1948 தொழிற்சாலைச் சட்டம் சுழலும் இயந்திரத்துக்குத் தடுப்பு வேணும் என்றது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்து பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020இல் வந்த புதிய தொகுப்பு அதை இருபது பேராக உயர்த்திவிட்டது. ரெண்டு பேர் உழைக்கிற பட்டறையை யார் பார்ப்பது?

இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இதில் வேலை இருக்கு. 1999இல் அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர், உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்ற எளிய உண்மையை வெச்சு ஒரு டேபிள் சா வடிவமைத்தார். தோல் பட்டதும் ஒரு அலுமினியக் கட்டை பல்லுக்குள் பாய்ந்து, சில மில்லி விநாடிகளில் பிளேடை நிறுத்திடும். "கவனமா இரு" என்று போர்டு மாட்டுவதோடு அவர் நிற்கவில்லை. மனுஷன் கவனம் தவறுவான் என்று வெச்சுக்கிட்டு டிசைன் பண்ணினார்.

நாம இப்போதைக்குச் செய்யக்கூடியது இவ்வளவுதான். புராஜெக்ட் ஷெட்டில் கிரைண்டருக்கு மர பிளேடு கூடாது என்று நாமே முடிவு எடுப்போம். டிபார்ட்மென்டுக்கு ஒரு சர்குலர் சாவோ ஜிக் சாவோ கேட்போம். முதல் வருஷ கார்பென்டரி லேபில் கை ரம்பமும் இழைப்புளியும் கத்துக்கிட்டோம். கூடவே பவர் ரம்பத்துக்கு ஒரு மணி நேரம் கேட்போம்.

மெஷின் வந்த பிறகு, பராமரிப்பும் நம்ம பொறுப்பு. பிளேடு மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கணும். ஸ்விட்ச் ஆஃப் மட்டும் போதாது. மழுங்கின பிளேடை அழுத்தி ஓட்டக் கூடாது, அழுத்தம்தான் கிக்பேக்கைக் கூப்பிடும். பல் உடைந்திருந்தால் தூக்கிப் போடணும். பிளேடில் அச்சிட்ட அதிகபட்ச ஆர்பிஎம், மெஷின் வேகத்தைவிடக் குறைவா இருந்தால் மாட்டவே கூடாது. பலகைக்குக் கீழே ஒரு பல் உயரம் நீட்டினால் போதும். கண்ணாடி கட்டாயம். துணி கிளவுஸ், துப்பட்டா, கைக்கயிறு எதுவும் பிளேடு பக்கம் வரக் கூடாது.

விரல் துண்டாகிவிட்டால், சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, கவரை ஐஸ் மேல் வைங்க. விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது. 108ஐ கூப்பிடுங்க. பால் பிராண்ட் கை அறுவைச் சிகிச்சையை வளர்த்தெடுத்த வேலூர் சிஎம்சி நமக்குப் பக்கம்தான். ஆனால் திரும்பத் தைத்த விரலுக்குப் பழைய உணர்வு முழுசா வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. நம்மில் பல பேர் வீட்டில் தறி ஓடுது. அறுந்த பட்டு இழையைத் தடவிப் பார்த்தே பிணைக்கிற விரலின் மதிப்பு நமக்குத் தெரியாதா?

அடுத்த சிம்போசியத்துக்கு முன்னாடி உங்க ஷெட்டுக்குப் போய்ப் பாருங்க. கிரைண்டரில் மர பிளேடு மாட்டியிருந்தால், பிளக்கைப் பிடுங்கிட்டு அதைக் கழட்டுங்க. கார்டைத் தேடி எடுத்துத் திரும்ப மாட்டுங்க.