அழகரே வரலையே, மாப்ளே!

அழகர்கோவிலிலிருந்து நண்பனின் போன். ‘‘அழகர் பின்னாடியே மதுரைக்கு வர்றேன் மாப்ளே. ஆத்துல இறங்குறதைப் பார்க்கணும்!’’

எனக்குப் பகீர் என்றது. பயலுக்கு மாற்றுக் கிட்னி வைத்து நாலு மாசம்தான் ஆகிறது!

நான் வெறும் பி.காம். ஆனால், அவனோடு ஆஸ்பத்திரி பெஞ்சைத் தேய்த்ததில் கொஞ்சம் வைத்தியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதுக் கிட்னியை உடம்பு ‘யாருடா நீ?’ என்று விரட்டாமலிருக்க, எதிர்ப்பு சக்தியை மாத்திரையால் அடக்குகிறார்கள். வாட்ச்மேனைத் தூங்க வைத்த வீடு மாதிரி. விருந்தாளி தங்கலாம், திருடனும் நுழையலாம்! சின்னம்மைகூட நுரையீரல் வரை போய்விடும். முதல் ஆறு மாசம் ரொம்ப உஷார். வயசும் சர்க்கரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஜாஸ்தி. பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினாலோ, கிட்னியே போச்சு!

‘‘அம்மை ஊசி போட்டுட்டு வரட்டா?’’

‘‘ஆபரேஷனுக்கு முன்னாடியே போட்டிருக்கணும்டா. அதுல இருக்கிறது உயிருள்ள கிருமி. இப்ப கூடாது.’’

‘‘அழகர் கோவிச்சுக்குவாரே?’’

‘‘2020, 2021-ல கொரோனாவுக்காக அழகரே வைகைக்கு வரலை. நீ பெரிய ஆளா?’’

லைனில் மௌனம். அப்புறம் மெதுவாக, ‘‘சரி... டி.வி-யில பார்த்துக்கறேன். கோவில் தோசை மட்டும் வாங்கிட்டு வாடா!’’