தராசுக்குப் பெயர் தெரியுமா?
சீன மருந்தகங்களில் உணரிகளும் இணையத் தராசுகளும் மருந்துப் பெட்டிகளை ஆள்வதைக் காட்டி, மாட்டுங்கா, தாணே நாட்டு மருந்துக் கடைகளும் அவ்வாறே மாறவேண்டும் என்போருக்கு எடைப்பிழை ஒன்றே பிழை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் ஏறத்தாழ நூறு பேரின் சிறுநீரகங்களைக் குலைத்தது எடையன்று, பெயர். உடல் மெலிய அவர்கள் உண்ட மருந்தில் 'ஃபாங்ஜி'க்குப் பதிலாக 'குவாங் ஃபாங்ஜி' எனும் நச்சுமூலிகை புகுந்திருந்தது.

இங்கும் அதே கண்ணி உண்டு. தமிழ் மருத்துவருக்குப் பிரமி என்றால் நீர்ப்பிரமி. வடநாட்டுச் சந்தையில் பலருக்கு அது வல்லாரை. தாராவி நோயாளி தமிழ்ச் சீட்டோடு வருகிறார். சரக்கோ இந்திப் பெயரோடு வந்திறங்குகிறது. பெட்டியில் பெயர் மாறி ஒட்டப்பட்டால், எந்திரம் அத்தவற்றை மில்லிகிராம் பிசகாமல் ஆயிரம் முறை செய்யும். இலையைக் கையில் எடுத்துப் பார்த்தே இனம் பிரிக்கும் கடைக்காரரை அல்லவா முதலில் வெளியேற்றப் பார்க்கிறார்கள்! ஒவ்வொரு சரக்கின் மேலும் தாவரவியல் பெயரைக் கட்டாயமாக்குங்கள். தராசு பிறகு வரட்டும்.