தேதி தவறவில்லை, தரம்தான் தவறியது

2020 ஜனவரி 1ஆம் தேதி. உலகம் புத்தாண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், டபிள்யூடபிள்யூஇ 2கே20 என்ற மல்யுத்தக் காணொளி விளையாட்டு ஓட மறுத்தது. திறந்து விளையாடப் போனால் பாதியிலேயே நின்றது. ஆண்டு மாறியதுதான் காரணம். விளையாட்டுக் கருவியின் தேதியை 2019க்குத் திருப்பி வைத்தால் வேலை செய்கிறது என்று ஆட்டக்காரர்களே கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதன் பிறகே நிறுவனத்தின் திருத்தம் வந்தது. பெயரிலேயே '20' என்று போட்டுக்கொண்ட ஒரு விளையாட்டு 2020 பிறந்ததும் படுத்துவிட்டது!

ரசிகர்கள் சிரித்தார்கள், ஆனால் யாரும் வியக்கவில்லை. 2019 அக்டோபர் 22ஆம் தேதி வெளியான நாளிலிருந்தே அதன் கோளாறுகள் சமூக ஊடகங்களில் வலம் வந்துகொண்டிருந்தன. வீரர்களின் கைகால்கள் முறுக்கிக்கொண்டன. தலைமுடி தனியாகப் பறந்தது. மேடைக்குள் உடல்கள் புதைந்தன. "2கே20ஐச் சரிசெய்யுங்கள்" என்ற கோரிக்கை டுவிட்டரில் முன்னணிக்கு வந்தது. தரத்திலும் விற்பனையிலும் எதிர்பார்த்ததை எட்டவில்லை என்று வெளியீட்டாளரின் தாய் நிறுவனமான டேக்-டூவே ஒப்புக்கொண்டது.

இது எப்படி நடந்தது? நிரல் எழுதியவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது எளிது. அது நியாயமில்லை என்பது என் கருத்து. இந்த வரிசையை 2000ஆம் ஆண்டின் 'ஸ்மாக்டவுன்' தொடங்கி உருவாக்கி வந்தது ஜப்பானின் யூக்ஸ் நிறுவனம். மூத்த ரசிகர்கள் இன்றும் புகழும் 2003ஆம் ஆண்டின் 'ஹியர் கம்ஸ் த பெயின்' அவர்களின் கைவண்ணம்தான். 2கே20இல் யூக்ஸ் விலகிக்கொள்ள, அதுவரை உடன் பணியாற்றிய அமெரிக்காவின் விஷுவல் கான்செப்ட்ஸ் முழுப் பொறுப்பையும் ஏற்றது. கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ஒருவர் கட்டிய வீட்டை இன்னொருவர் கையில் கொடுத்தாயிற்று. ஆனால் ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் வெளியிட வேண்டும் என்ற வழக்கம் மட்டும் மாறவில்லை. குழு மாறியபோது தேதியும் மாறியிருக்க வேண்டும். அந்த முடிவை எடுக்க வேண்டியவர்கள் நிரலாளர்கள் அல்லர், மேலிடத்தில் இருப்பவர்கள்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. 2019 ஏப்ரலில் நடந்த ரெசில்மேனியா 35இல்தான் முதன்முறையாகப் பெண்கள் இறுதிப் பெரும் போட்டியில் மோதினார்கள். அதில் வென்ற பெக்கி லிஞ்ச், 2கே வரிசையின் அட்டையில் இடம்பிடித்த முதல் பெண்ணானார். அவரும் ஷார்லட் ஃபிளேர், சாஷா பேங்க்ஸ், பெய்லி ஆகியோரும் கடந்து வந்த பாதையை ஆட்டக்காரர்கள் விளையாடிப் பார்க்கும் தனிப் பகுதியும் இருந்தது. பெண் மல்யுத்தம் பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற இடம் அது. கோளாறுகளின் கேலிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அவசரம் ஒரு பொருளை மட்டும் கெடுப்பதில்லை. அதற்குள் இருக்கும் நல்ல முயற்சியையும் சேர்த்துப் புதைக்கிறது.

"பிறகு திருத்தம் வருமே, எதற்கு இவ்வளவு கோபம்?" என்று சிலர் கேட்கலாம். முழு விலையை முதல் நாளே வாங்கிக்கொண்டு, முழுப் பொருளைத் தவணை முறையில் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? கடையில் வாங்கிய காலணியின் அடிப்பாகம் அடுத்த மாதம் வரும் என்றால் ஏற்றுக்கொள்வோமா? இதை வாங்குபவர்களில் பலர் நம்மைப் போன்ற மாணவர்கள். பெருநாள் பணத்தைச் சேர்த்து வைத்தும், விடுமுறையில் பகுதிநேர வேலை பார்த்தும் வாங்குகிறார்கள். வீட்டில் நல்ல இணைய வசதி இல்லாதவருக்குப் பெரிய திருத்தக் கோப்பைப் பதிவிறக்குவதே தனிப் போராட்டம்.

நல்ல வேளையாக, இந்தக் கதை அத்துடன் முடியவில்லை. 2கே21 வெளிவராது என்று 2020இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு 'பேட்டில்கிரவுண்ட்ஸ்' என்ற வேறு பாணி விளையாட்டு வந்தது. முதன்மை வரிசை இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஓய்வெடுத்து, 2022 மார்ச்சில் 2கே22ஆகத் திரும்பியது. கட்டுப்பாட்டு முறை முதல் உருவங்களின் அசைவு வரை திருத்தி அமைத்திருந்தார்கள். அது குறையே இல்லாத விளையாட்டு அல்ல. ஆனாலும் முந்தையதைவிடப் பல மடங்கு மேல் என்பதை விளையாடிய எவரும் சொல்வார்கள். இந்த முறை உருவாக்கியதும் அதே விஷுவல் கான்செப்ட்ஸ்தான். திறமை அவர்களிடம் முன்பே இருந்தது. கிடைக்காமல் போனது காலம். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

அந்தக் காலத்தை வாங்கிக் கொடுத்தது யார்? குரல் கொடுத்த ரசிகர்களும், பணப்பையைத் திறக்காமல் இருந்தவர்களும்தான். ஆகவே, இளையோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். முன்பதிவுச் சலுகையைப் பார்த்து மயங்காதீர்கள். சலுகையாகக் கிடைக்கும் ஓர் உடையோ ஒரு வீரரோ, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் முழு விலைக்கு ஈடாகாது. வெளியாகி ஒரு வாரம் பொறுங்கள். பிறர் விளையாடும் காணொளிகளைப் பாருங்கள். குறை இருந்தால் அதைத் தெளிவாக, வசைமொழி இல்லாமல் எழுதுங்கள். வேலை செய்தவரைத் திட்டாதீர்கள். வெளியிட்டவரிடம் கேள்வி கேளுங்கள்.

விளையாட்டுதானே என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். நாளை நம்மில் சிலர் நிரலாளராகவோ பொறியாளராகவோ போவோம். "தேதியை மாற்ற முடியாது, இருப்பதைக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒருநாள் நம்மிடமும் சொல்வார்கள். அப்போது இன்னும் முடியவில்லை என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். காசு கொடுத்து வாங்கும் இன்றைக்கே தரத்தைக் கேட்டுப் பழகினால், அந்தத் துணிவு நாளைக்கு வரும்.